சிப்பிப்பாறை போன்ற துடிப்பு மிகுந்த நாயை மீட்புக் குழுவிடமிருந்து தத்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் தனி மனிதர்களாகவும் சிறு குழுக்களாகவும் இயங்கும் விலங்கு மீட்புத் தன்னார்வலர்களிடம் தத்துக்குக் காத்திருப்பவை தெருவில் பிறந்த குட்டிகள் மட்டுமல்ல. சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம், கோம்பை என்று இனப்பெயர் சொல்லி ஆசையாக வாங்கப்பட்டு, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் கைவிடப்பட்ட நாட்டின நாய்களும் அவர்களிடம் வந்து சேர்கின்றன. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளில் இராஜபாளையம் இடம்பெற்றது. 2020 ஆகஸ்ட் மாத வானொலி உரையில் பிரதமர் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பெருமை பரவிய அளவுக்கு, இந்த நாய்கள் எதற்காக வளர்க்கப்பட்டன என்ற செய்தி பரவவில்லை. தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு, துரத்திப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிப்பிப்பாறையை நகரத்து வீட்டின் பால்கனியில் கட்டிப்போட்டால், அது கதவைப் பிறாண்டும், இரவெல்லாம் குரைக்கும், கதவு திறந்த நொடியில் பாய்ந்து ஓடும்.

இந்த வழிகாட்டி சிப்பிப்பாறையையும் அதன் சாயல் கொண்ட கலப்பின நாய்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லாப்ரடார், ஹஸ்கி, பெல்ஜியன் மாலினாய் போன்றவற்றைத் தத்தெடுப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், ஆனால் அந்த நாய்களின் துடிப்பு வேறு வகையானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் நாளைக் கணக்கிடுங்கள்

வீடு பெரியதா சிறியதா என்பதைவிட, காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வெளியே போகக்கூடியவர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்பதே முக்கியமான கேள்வி. சென்னையில் கத்திரி வெயில் காலத்தில் ஏழு மணிக்கு மேல் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட ஆரம்பித்துவிடும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக் கூடாது. ஆகவே ஆண்டின் பாதி மாதங்களில் உங்களுக்குக் கிடைப்பது விடியற்காலையும் இரவு எட்டு மணிக்குப் பிந்தைய நேரமும்தான். அந்த இரண்டு நேரங்களும் உங்களிடம் இல்லையென்றால், எவ்வளவு பெரிய தோட்டம் இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் தோட்டத்தில் தனியாக விடப்பட்ட நாய் தானாக உடற்பயிற்சி செய்வதில்லை. அது வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும், அல்லது குழி தோண்டும்.

அதே நேரத்தில் இந்த இனத்தைப் பற்றிய ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். கண்ணால் வேட்டையாடும் நாய்கள் குறுகிய நேரத்தில் முழு வேகத்தில் ஓடி, பிறகு நீண்ட நேரம் படுத்துக் கிடக்கும் இயல்பு கொண்டவை. நாள் முழுவதும் வேலை கேட்டுக்கொண்டே இருக்கும் மாலினாய் போன்றவை அல்ல. எனவே, ஓரளவு ஒழுங்கான கால அட்டவணை உள்ள அடுக்கக வீட்டிலும் சிப்பிப்பாறை நன்றாகவே வாழும். தனி வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல விண்ணப்பதாரர்களை மறுக்கும் குழுக்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வீட்டிலுள்ள அனைவரின் சம்மதத்தையும் கேளுங்கள். வாடகை வீடானால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். அடுக்ககச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யவோ, மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவோ முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆனால் சட்டம் பக்கம் இருக்கிறது என்பதற்காக அண்டை வீட்டாரோடு சண்டையில் தொடங்க வேண்டியதில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது பல மாதத் தொல்லையைத் தவிர்க்கும்.

இரண்டாம் படி: குழுவைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒருபுறம் இருக்க, பெரும்பாலான மீட்பு வேலை அலுவலகத்துக்குப் போய் வந்து, சொந்தப் பணத்தில் மருத்துவமனைக் கட்டணம் கட்டும் தனி மனிதர்களால் நடக்கிறது. அவர்களுக்கு அலுவலகம் கிடையாது. நாய்கள் தற்காலிகப் பராமரிப்பாளர்களின் வீடுகளிலோ கட்டண விடுதிகளிலோ இருக்கும். உங்கள் செய்திக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தால் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம்பகமான குழுவை அடையாளம் காண்பது கடினமல்ல. நாயை நேரில் பார்க்க அழைப்பார்கள், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பெயரைச் சொல்வார்கள், தடுப்பூசி அட்டையைக் காட்டுவார்கள், உங்களிடம் நிறையக் கேள்வி கேட்பார்கள். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஆன செலவில் ஒரு பகுதியைக் கேட்பது நியாயமானது. நாயைக் காட்டாமலே, வண்டிக் கட்டணம் என்றோ முன்பணம் என்றோ சொல்லி இணையவழியில் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். கைவிடப்பட்ட இன நாய் என்று விளம்பரம் செய்து, ஒரே நேரத்தில் பல சின்னக் குட்டிகளைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் மீட்பவர் அல்லர், விற்பவர்.

மூன்றாம் படி: விண்ணப்பம், உரையாடல், வீட்டுப் பார்வை

படிவத்தில் வேலை நேரம், ஊதியம், முன்பு வளர்த்த நாய்க்கு என்ன ஆயிற்று, திருமணத்துக்கோ வெளிநாட்டு வேலைக்கோ திட்டம் உள்ளதா என்றெல்லாம் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பதைவிட அதிகம் கேட்கிறார்களே என்று சிலர் சலித்துக்கொள்வது உண்டு. ஆனால் ஒருமுறை கைவிடப்பட்ட நாய் மறுமுறையும் திருப்பி அனுப்பப்பட்டால், அதன் நடத்தையும் மறு தத்து வாய்ப்பும் மோசமாகின்றன என்பதை அந்தத் தன்னார்வலர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நாய் வேட்டைக்குப் போகுமா என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் முயல் வேட்டை குற்றம், அந்தக் கேள்வியோடு உங்கள் விண்ணப்பமும் முடிந்துவிடும்.

நீங்களும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நாய் எங்கே, எந்த நிலையில் கிடைத்தது, தனியாக விட்டால் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கிறது, பூனையையும் அணிலையும் கண்டால் என்ன செய்கிறது, உணவுத் தட்டின் அருகே யாராவது வந்தால் உறுமுகிறதா, எப்போதாவது யாரையாவது கடித்திருக்கிறதா, கடித்திருந்தால் எந்தச் சூழ்நிலையில் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர் நாயைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பராமரிப்பாளர்தான் என்பதால், குழுவின் ஒருங்கிணைப்பாளரோடு மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். எல்லாக் கேள்விக்கும் ‘ரொம்பச் சமத்து’ என்ற ஒரே விடை வந்தால், அவருக்கு நாயை இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பொருள்.

நான்காம் படி: நாயைச் சந்தித்தல்

ஒருமுறைக்கு இரண்டு முறை, வெவ்வேறு நேரங்களில் சென்று பாருங்கள். கட்டண விடுதியின் கம்பிக்குப் பின்னால் தாவித் தாவிக் குரைக்கும் நாய், வெளியே பத்து நிமிடம் நடந்ததும் வேறு நாயாக மாறிவிடலாம். எனவே கூண்டில் பார்த்து முடிவு செய்யாமல், கயிற்றோடு வெளியே அழைத்துச் செல்லக் கேளுங்கள். நடக்கும்போது அது ஒருமுறையாவது திரும்பி உங்களைப் பார்க்கிறதா, சத்தத்தால் மிரண்ட பிறகு எவ்வளவு விரைவில் நிதானத்துக்கு வருகிறது, கையிலிருந்து உணவை வாங்குகிறதா என்று கவனியுங்கள். மிரளாத நாயைத் தேட வேண்டியதில்லை. மிரண்ட பின் மீண்டு வரும் நாயைத் தேடுங்கள்.

பலரும் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அண்மையில் மீட்கப்பட்ட நாய் மந்தமாக, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால், அதைச் சாதுவான குணம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்ணிக் காய்ச்சல், இரத்தசோகை, குடற்புழு, பட்டினி ஆகிய எல்லாமே நாயை அப்படித்தான் ஆக்கும். சிகிச்சையும் உணவும் கிடைத்துச் சில வாரங்களில் உடல் தேறியதும் அதன் உண்மையான வேகம் வெளிப்படும். ஆகவே மீட்கப்பட்டு ஒரு மாதமாவது பராமரிப்பாளர் வீட்டில் இருந்த நாயைத் தேர்ந்தெடுப்பது, குறிப்பாக முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு, பாதுகாப்பான வழி. கருத்தடை செய்தால் துறுதுறுப்பு அடங்கிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். இணை தேடி அலைவது குறையும், ஓடும் ஆசை குறையாது.

ஐந்தாம் படி: வீட்டைத் தயார்செய்தல்

வந்த புதிதில் ஏற்படும் இழப்புகளில் பெரும்பாலானவை திறந்த கதவால் நேர்பவை. சிப்பிப்பாறைக்கு மார்பளவு உயரமுள்ள வாயிற்கதவு ஒரு தடையே அல்ல. ஆறடிச் சுவர் இருக்கிறது என்று சொல்பவர்கள், அந்தச் சுவரை ஒட்டித் துவைக்கும் கல்லோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் நாயைத் தனியாக விடவே கூடாது. கைப்பிடிச் சுவரின் மேல் ஓடும் அணிலைக் கண்ணால் துரத்தத் தொடங்கிய நாய்க்குச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற நினைவு வராது. பால்கனிக்கு வலை அடிப்பதும், முன்கதவுக்கு உள்ளே இன்னொரு தடுப்புக் கதவு வைப்பதும் செலவுக்குத் தகுந்தவை.

இந்த நாய்களுக்குக் கழுத்து நீளமாகவும் தலை குறுகலாகவும் இருப்பதால், சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்வாங்கி எளிதில் உருவிவிடும். இழுத்தால் ஓரளவு இறுகி நிற்கும் மார்டிங்கேல் வகைப் பட்டையும், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸும் வாங்கி, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். கைபேசி எண் பொறித்த தகடு நாய் வரும் நாளுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். மற்றவை, அதாவது கனமான தண்ணீர்ப் பாத்திரம், தரையிலிருந்து சற்று உயர்ந்த துணிக்கட்டில், ஓர் அமைதியான மூலை, எளிதில் கிடைப்பவைதான்.

ஆறாம் படி: அழைத்து வரும் நாளும் ஆவணங்களும்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களையும், சென்னையானால் சிறுவர்கள் மேளம் தட்டும் போகி நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு நாட்கள் நீங்கள் வீட்டில் இருக்கக்கூடிய ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். காரில் வருவதானால் ஒருவர் பின்னிருக்கையில் நாயோடு உட்கார வேண்டும், வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கும் முன் கயிறு கையில் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து இரயிலில் கொண்டுவருவதானால், குளிரூட்டப்பட்ட முதல் வகுப்பில் தனி அறை கிடைத்தால் உடன் அழைத்து வரலாம். இல்லையெனில் கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டுதான். அந்த இருட்டுக் கூண்டில் மிரண்ட நாயை இரவு முழுவதும் வைப்பதைவிட, செலவானாலும் காரே மேல்.

தத்தெடுப்பு ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நாயை விற்கவோ குட்டி போடவைக்கவோ கூடாது, கருத்தடை செய்யாத நாயானால் குறிப்பிட்ட காலத்துக்குள் செய்ய வேண்டும், வளர்க்க முடியாத நிலை வந்தால் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்ற விதிகள் வழக்கமாக இருக்கும். தடுப்பூசி அட்டையையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இருந்தால் இணையவழியிலேயே விண்ணப்பித்துவிடலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

ஏழாம் படி: முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

மீட்புக் குழுக்களிடையே இந்த மூன்றடுக்குக் கணக்கு உலகெங்கும் புழங்குகிறது. முதல் மூன்று நாளில் நாய் திகைப்பில் இருக்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறையைப் புரிந்துகொள்ளும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று நம்பத் தொடங்கும். ஒவ்வொரு நாயும் இதே கணக்கில் நடக்காது என்றாலும், அவசரப்படுபவர்களுக்கு இது நல்ல கடிவாளம்.

முதல் நாட்களில் உறவினர்களையும் நண்பர்களையும் அழைக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். சாப்பிடாமல் இருந்தால் தட்டை வைத்துவிட்டு விலகிச் செல்லுங்கள். குழந்தைகள் இருந்தால், தூங்கும் நாயையும் சாப்பிடும் நாயையும் தொடக் கூடாது என்ற விதியை முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். நாய்க்கும் சிறு குழந்தைக்கும் இடையே எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். நாய் பூனைகளோடு பழகியது என்று உறுதி தெரியாத வரை, வீட்டுப் பூனை தனி அறையில் இருக்கட்டும். வீட்டுக்குள் பூனையோடு ஒன்றாகப் படுக்கும் சிப்பிப்பாறைகூட, வெளியில் அதே பூனை ஓடினால் துரத்தலாம்.

முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை குறைந்த செலவில் சிகிச்சை தருகிறது, ஆனால் காத்திருக்க நேரம் வேண்டும். இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிகியா, பபேசியா தொற்றுகள் வெளியே தெரியாமல் உள்ளே இருந்து, பிறகு மூக்கில் இரத்தம் வடியும் அளவுக்கு முற்றக்கூடியவை. மழைக்காலத்தில் தேங்கிய நீர் வழியே எலிக்காய்ச்சல் பரவுவதால் அதற்கான தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கொழுப்பு மிகக் குறைந்த உடல்வாகு கொண்ட இந்த வகை நாய்களில் சில மயக்க மருந்துகளின் விளைவு நீடிக்கக்கூடும் என்பதால், கருத்தடையோ வேறு அறுவை சிகிச்சையோ செய்யுமுன் இனத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: துடிப்பை வழிநடத்துதல்

நாய் அடங்க மாட்டேன் என்கிறதே என்று பலரும் கையாளும் தீர்வு, இன்னும் அதிகமாக ஓடவிடுவது. ஸ்கூட்டரில் கயிற்றைக் கட்டி ஓடவைப்பவர்களும் இருக்கிறார்கள். இது ஆபத்தானது என்பதோடு பயனும் அற்றது, ஏனெனில் தினமும் கூடுதல் தூரம் ஓடும் நாயின் உடல் வலுவாகிறதே தவிர மனம் அமைதியடைவதில்லை. ஒரு மாதத்தில் அதே களைப்பை உண்டாக்க இரு மடங்கு தூரம் தேவைப்படும். இந்த நாய்களுக்கு ஓட்டம், மோப்ப வேலை, ஓய்வுப் பயிற்சி என்ற மூன்றும் சேர்ந்து வேண்டும், மூன்றிலும் கடினமானது கடைசியானதுதான்.

காலை நடையை நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வைத்துக்கொண்டு, அதில் பாதி நேரம் நாய் தன் விருப்பம்போல நின்று மோந்து பார்க்க விடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நான்கு பக்கமும் அடைப்புள்ள ஒரு காலி மனையிலோ, சங்கத்தின் அனுமதியோடு விடியற்காலையில் அடுக்ககத்தின் இறகுப்பந்து மைதானத்திலோ முழு வேகத்தில் ஓட வாய்ப்பளியுங்கள். நீண்ட கம்பின் முனையில் கயிறும் துணியும் கட்டித் தரையோடு இழுத்தால், துரத்தும் ஆசை பத்து நிமிடத்தில் தீரும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ‘விடு’ என்ற சொல்லுக்கு அது துணியை விட்டால்தான் அடுத்த சுற்று என்று பழக்குங்கள். எலும்பு வளர்ச்சி முடியாத, ஒன்றரை வயதுக்குட்பட்ட நாயை உயரத் தாவவைக்காதீர்கள். அடைப்பில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பது பற்றி என் கருத்து கடுமையானது: கூப்பிட்டால் வருவதில் எவ்வளவு தேர்ந்த நாயாக இருந்தாலும், சாலை அருகே இந்த இனத்தை அவிழ்த்துவிடக் கூடாது. பத்து மீட்டர் நீளக் கயிற்றில் கூப்பிடும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்யுங்கள், வந்தபோதெல்லாம் கோழித் துண்டு கொடுங்கள், வரத் தாமதித்ததற்காக ஒருபோதும் திட்டாதீர்கள்.

வெயில் நேரத்துக்கு மோப்ப வேலை. பழைய துண்டுகளைச் சுருட்டி அவற்றுள் உணவை ஒளிப்பது, கால்மிதியடியின் இழைகளுக்கிடையே தூவுவது, உள்ளே குழியுள்ள ரப்பர்ப் பொம்மையில் தயிரும் வேகவைத்த கோழியும் அடைத்து உறையவைத்துக் கொடுப்பது ஆகியவை இருபது நிமிடத்தில் நாயைக் களைப்படையச் செய்யும். இளநீர்க் கூட்டைக் கடிக்கக் கொடுப்பவர்கள் உண்டு. நாரை விழுங்கினால் குடலில் சிக்கும் என்பதால் கண்ணெதிரே மட்டும் கொடுக்க வேண்டும்.

ஓய்வுப் பயிற்சி என்பது, ஒரு பாயையோ சாக்கையோ விரித்து, நாய் அதில் படுக்கும்போதெல்லாம் பேசாமல் ஒரு சிறு தின்பண்டத்தை அதன் முன்கால்களுக்கிடையே வைப்பதில் தொடங்குகிறது. முதலில் சில விநாடிகள், பிறகு நிமிடங்கள், பிறகு நீங்கள் சமைக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் என்று நீட்டிக்கொண்டே போகலாம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் உறங்க வேண்டும். மாலையில் வெறிபிடித்ததுபோல் சோபாவைச் சுற்றி ஓடும் நாய்க்குப் பல நேரங்களில் தேவைப்படுவது தூக்கம்தான். தனியாக இருப்பதையும் இப்படியே, ஒரு நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்க வேண்டும். நான்கு நாள் முழுவதும் கூடவே இருந்துவிட்டு ஐந்தாம் நாள் ஒன்பது மணி நேரம் பூட்டிவிட்டுப் போவது, கதவுச் சட்டத்தை நாயே செதுக்குவதற்கான வழி.

ஒன்பதாம் படி: உணவு

தயிர்ச்சோறும் பாலும் இந்த நாய்க்குப் போதாது, புரதம் வேண்டும். எலும்பு நீக்கிய கோழி, முட்டை, கொஞ்சம் சோறு அல்லது கேழ்வரகு, காய்கறி என்று சமைத்துக் கொடுக்கலாம், அல்லது தரமான உலர் உணவு கொடுக்கலாம். பிரியாணி மிச்சத்தில் உள்ள வெங்காயமும் வேகவைத்த எலும்பும், சர்க்கரைப் பொங்கலில் உள்ள திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு ஆகாதவை. ஆழமான மார்புடைய நாய் வயிறு நிறைய உண்ட உடனே ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு; உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி வராமலே குமட்டிக்கொண்டிருந்தால் அது உடனடியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. நன்றாக உண்ணும் சிப்பிப்பாறைக்கும் கடைசி விலா எலும்புகள் தெரியும். நாய்க்குச் சோறு போடுவதில்லையா என்று தெருவில் நான்கு பேர் கேட்பார்கள், அதற்காகக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

பத்தாம் படி: குழுவோடு தொடர்பும், ஒத்துவராத நிலையும்

முதல் சில மாதங்களுக்குப் படமோ காணொளியோ அனுப்பச் சொல்வார்கள். கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள், சிக்கல்களையும் மறைக்காமல் எழுதுங்கள். உறுமல், தப்பி ஓட்டம், தனிமையில் அலறல் ஆகியவற்றை அவர்கள் பல நாய்களிடம் பார்த்திருப்பதால், பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் அவர்களிடமிருந்தே பயனுள்ள விடை கிடைக்கக்கூடும். நாய் யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, தடுப்பூசி போட்ட நாய்தான் என்று விட்டுவிடாமல், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உண்மையாகவே ஒத்துவரவில்லை என்றால், அதைச் சொல்வதில் தாமதம் வேண்டாம். தெரிந்தவரின் தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவெடுப்பது ஒப்பந்தத்தை மீறுவது என்பதோடு, நாயை மீண்டும் சங்கிலியிலோ வேட்டைக்காரர் கையிலோ சேர்ப்பதாகவும் முடியும். குழுவிடம் சொன்னாலும் அன்றே அழைத்துப்போக அவர்களுக்குக் காலி இடம் இருக்காது. வேறொரு பராமரிப்பாளர் கிடைக்கும் வரை சில வாரங்கள் நாயை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். அந்த வாரங்களில் நாயின் உண்ணும் நேரம், பயப்படும் ஒலிகள், கற்றுக்கொண்ட சொற்கள், எதைச் செய்தால் அமைதியாகிறது என்பனவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவக் குறிப்புகளோடு சேர்த்துக் கொடுங்கள். அடுத்து அதை வாங்கிக்கொள்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.